இல்லமும் நலமும்: மார்கழியில் முதியோரும் மழலையரும்



தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் அமைந்த வீரபாண்டியிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் சில நாட்களாக என் மேசைமேல் இருக்கிறது. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட மடல், அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு வயது 72. பல ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். சென்ற ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விடாமல் பெய்தமையால் சுகாதார நிலையத்திற்குச் செல்வதைத் தள்ளிப்போட்டார். மாத்திரை தீர்ந்து மூன்று வாரங்கள் ஆகியும், "குளிர்காலத்தில் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி வந்தாராம். மார்கழியில் ஒரு நாள் வைகறை நாலரை மணிக்கு, வழக்கம்போலத் தொட்டித் தண்ணீரில் தலைக்குக் குளித்தார். ஐந்து மணியளவில் துண்டு அவர் கையிலிருந்து நழுவிற்று. பேச்சு குழறிற்று. வீட்டார் பதறி, "குளிர் தாக்கிவிட்டது" என்று எண்ணி, கை கால்களில் தைலம் தேய்த்து, இரண்டு கம்பளிகளைப் போர்த்தி, சுக்குக் காப்பி புகட்டினார்கள். அது புரையேறி அவர் இருமினார். வெயில் ஏறினால் சரியாகிவிடும் எனக் காத்திருந்தார்கள். மருத்துவமனையை அடைந்தபோது மணி பத்தரை. உயிர் பிழைத்துவிட்டார், வலக்கையும் வலக்காலும் வழங்கவில்லை. "இன்னும் சற்று முன்னதாக வந்திருந்தால்" என்று அங்கிருந்த மருத்துவர் கூறிய சொல் சகோதரியின் உள்ளத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. "நாங்கள் அன்போடு செய்தவை அனைத்தும் தவறா? அந்தக் காலைப்பொழுதில் நாங்கள் அவரைக் கெடுத்துவிட்டோமா?" என்று கேட்கிறார். மடலின் இறுதியில் இன்னொரு கேள்வியும் உண்டு; அதற்குப் பின்னர் வருகிறேன்.

சகோதரி, உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. நீங்கள் அவரைக் கெடுக்கவில்லை. குளிரில் நடுங்கும் முதியவருக்கு நம் பாட்டிமார் காலங்காலமாகச் செய்து வந்ததையே நீங்களும் செய்தீர்கள். அந்த நோய் வேறு என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராத குற்றத்தில் இப்பகுதியை எழுதும் எனக்கும் பங்குண்டு. வெயில் காலத்தில் மோரும் நிழலும் வேண்டுமென்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் குளிரைப் பற்றி ஒரு முறையேனும் எழுதத் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம், நம் ஊர்க் குளிரை நாம் குளிராகவே மதிப்பதில்லை. கொடைக்கானலிலும் உதகையிலும் மூணாறிலும் தை மாதத்தில் உறைபனி படிவதைச் செய்தித்தாளில் பார்த்து, "அப்பாடா, அங்கே எப்படி இருக்கிறார்களோ!" என்கிறோம். பள்ளத்தாக்கின் அடியில் வாழும் நமக்கு இரவு வெப்பம் 18 அல்லது 20 டிகிரிக்கு இறங்குவதே பெரிது. பனி மூட்டம், ஆற்றங்கரை ஈரம், மலைச்சாரலிலிருந்து வரும் காற்று, அவ்வளவுதான். தில்லியிலிருந்து வந்த ஒருவர் இதைப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு உலாவுவார்.

ஆயினும் உண்மை வேறு விதமாக இருக்கிறது. 13 நாடுகளில் நிகழ்ந்த 7 கோடிக்கும் மேற்பட்ட இறப்புகளை ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வெப்பத்தால் நேர்ந்தவை நூற்றுக்கு அரை விழுக்காட்டிற்கும் குறைவு. குளிரால் நேர்ந்தவை 7 விழுக்காட்டிற்கும் சற்று அதிகம். அதனினும் வியப்பு யாதெனில், அவற்றில் பெரும்பாலானவை உறைபனி நாட்களில் நிகழவில்லை. மிதமான குளிர் நாட்களிலேயே நிகழ்ந்தன. இந்தியாவில் 2001 முதல் 2013 வரை நேர்ந்த இறப்புகளைக் கொண்டு 2018இல் வெளியான இன்னோர் ஆய்வும் இதையே கூறிற்று. மிதமான குளிர், கடுங்குளிரைவிட அதிகமான உயிர்களைக் கொள்கிறது. அதிலும் பக்கவாதத்தில் அதன் கை மிக நீளமானது. காரணம் எளிது. கடுங்குளிர் ஆண்டில் சில நாட்களே. மிதமான குளிரோ மாதக்கணக்கில் நீடிப்பது. கடுங்குளிர் நாடுகளில் வீட்டைச் சூடேற்றும் ஏற்பாடு உண்டு, தடித்த ஆடை உண்டு, அச்சமும் உண்டு. நமக்கு ஓட்டு வீடு, சிமெண்டுத் தரை, மெல்லிய துண்டு. அச்சமோ சிறிதும் இல்லை.

குளிர் உடம்பில் என்ன செய்கிறது? தோலுக்கருகில் ஓடும் இரத்தக் குழாய்கள் உள் வெப்பத்தைக் காப்பதற்காகச் சுருங்குகின்றன. குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும். இரத்தமும் சற்றுத் தடிக்கிறது. குளிர்காலத்தில் தாகம் தெரிவதில்லையாதலால் முதியோர் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள். இயல்பாகவே எல்லாருக்கும் விழித்தெழும் வேளையில் இரத்த அழுத்தம் உயர்வதுண்டு. இவற்றோடு மாத்திரை நின்றுபோன மூன்று வாரங்களையும், தலையில் கொட்டிய குளிர்ந்த நீரையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் மாமனாருக்கு நேர்ந்தது விளங்கும். முதுமையில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிரை உணரும் திறன் மங்கிவிடுகிறது, நடுக்கமும் குறைந்துவிடுகிறது. "எனக்குக் குளிரவில்லை" என்று பெரியவர் சொல்வதை நம்பாதீர்கள். அவர் கைகளையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள்.

ஆகவே இரத்த அழுத்தமுள்ளவர்கள் கார்த்திகை பிறக்கும் முன்பே ஒருமுறை அழுத்தத்தை அளந்து பார்ப்பது நன்று. கோடையில் போதுமானதாக இருந்த மருந்தளவு குளிரில் போதாமற் போகலாம். மாத்திரை தீரும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மழை பெய்தால் வீட்டில் இளையவர் ஒருவர் சென்று வாங்கி வரட்டும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது, நடக்க இயலாதவர்களுக்கும் முதியோர்க்கும் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிற்கே கொண்டுசென்று கொடுப்பதற்காகத்தான். உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். குளிப்பதை வெயில் ஏறிய பின்னர் வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். வெந்நீர், முதலில் கால், பிறகு உடல், இறுதியில் தலை. "ஐம்பது ஆண்டுகளாக நாலரை மணிக்குக் குளித்தவன் நான்" என்று அவர் வாதிடுவார். வாதிடட்டும். அவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வயது 22.

இனிப் பக்கவாதத்தின் அடையாளங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுதல். இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தாழ்தல். ஓர் எளிய வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் குழறுதல். இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் அது குளிர் தாக்கியது அன்று. மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டது, அல்லது மூளையில் குழாய் வெடித்தது. முதலாவதாயின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. அதை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, குழாய் வெடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஆதலால் வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நாலரை மணியிலிருந்து கழிகிறது.

இந்த நிலையில் செய்யக் கூடாதவை சில. காப்பியோ தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்கக் கூடாது; விழுங்கும் தசைகள் செயலற்றிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். மாரடைப்புக்குக் கொடுக்கும் ஆஸ்பிரினை இங்கே நாமாகக் கொடுத்துவிடக் கூடாது. குழாய் வெடித்திருந்தால் கேடு விளையும். அழுத்தம் ஏறியிருக்கிறதென்று விட்டுப்போன மாத்திரைகளை மொத்தமாக விழுங்க வைப்பதும் தீங்கு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, 108ஐ அழையுங்கள். "கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு?" என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிட்டு வந்த மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

108 வண்டி நம் மாநிலத்தில் 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது. அழைப்பவர் பதற்றத்தில், "சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுவதுண்டு. ஊர், தெரு, அருகிலுள்ள கோவில் அல்லது பள்ளி, எந்தச் சாலையிலிருந்து திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, ஒருவரை முனையில் நிற்கச் செய்யுங்கள். பனிமூட்டத்தில் தெருப்பெயர்ப் பலகை தெரியாது. வீரபாண்டியினருக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கையும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்வோரின் வண்டிகள் இச்சாலையை நிறைத்துவிடுகின்றன. நெரிசல் மிகுந்த நாட்களில் கம்பம்மெட்டு வழியாகப் போகவும் குமுளி வழியாகத் திரும்பவும் ஒருவழிப் பாதை ஏற்படுத்துகிறார்கள். ஆகவே எந்நேரத்தில் எவ்வழியாகச் சென்றால் தேனியை விரைவில் அடையலாம், ஸ்கேன் வசதி எங்கே இரவிலும் உண்டு, தேனியைத் தாண்டி ஆண்டிபட்டிச் சாலையில் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எத்தனை நேரம் ஆகும் என்பதையெல்லாம் நோய் வந்த பிறகு விசாரிப்பது பயனற்றது. இந்த ஞாயிறு மாலையில் குடும்பமாக அமர்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.

குளிர் முதியோரைத் தாக்குவது இரத்தக் குழாய் வழியாக என்றால், குழந்தைகளைத் தாக்குவது நெஞ்சின் வழியாக. இதில் தாய்மார் ஒரு கலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அது மூச்சை எண்ணுவது. பப்புவா நியூ கினி என்னும் மலைத் தீவில் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்த ஃபிராங்க் ஷான் என்பவர், எக்ஸ்-ரே இல்லாத இடத்திலும் நிமோனியாவை மூச்சின் வேகத்தைக் கொண்டே கண்டுகொள்ளலாம் எனக் காட்டினார். 1980களில் உலகச் சுகாதார நிறுவனம் அதையே உலகெங்கும் பரப்பிற்று. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது அதன் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வெறும் சளி அன்று. மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் துவண்டாலோ, விடியும்வரை காத்திராதீர்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படியே.

மூக்கடைப்பும் இருமலும் மட்டும் இருந்து, மூச்சு சீராக ஓடினால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே மாறும். தாய்ப்பாலும் வெதுவெதுப்பான நீருணவும் போதும். ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

கடையில் வாங்கும் இருமல் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அவர்கள் குடித்த இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அம்மருந்து தயாரிக்கப்பட்ட இடம் நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டம். அதையொட்டி நடுவண் அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கலாகாது எனவும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவையல்ல எனவும் அறிவுறுத்திற்று. சென்ற ஆண்டு மூத்த பிள்ளைக்கு எழுதிய மருந்தின் மிச்சத்தை இவ்வாண்டு இளைய பிள்ளைக்கு அளந்து ஊற்றும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் புட்டியை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

பிறந்த குழந்தையோ தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாதது. பிறந்தவுடன் குளிப்பாட்டுவதும், குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நம் பக்கத்தில் பெருமையாகச் செய்யப்படுகின்றன. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிவையுங்கள். புகை வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு மிகச் சிறந்த கம்பளி தாயின் மார்பு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரேய் என்னும் மருத்துவர், கருவிகள் போதாமையால், எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வளர்க்கச் செய்தார். வறுமையில் பிறந்த அந்த வழி, செல்வ நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் பின்னர் சென்றது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனேயே தாயோடு அணைத்து வைத்ததால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய் களைத்திருந்தால் தந்தை அணைக்கலாம், பாட்டி அணைக்கலாம். ஆண்மக்கள் இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

குளிருக்கு அஞ்சிப் பிள்ளை பெற்ற அறையில் கரியைக் கொளுத்திக் கணப்புச் சட்டி வைப்பவர்களுக்கு மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு எழும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, இருமலும் வராது. உறங்குகிறவர் உறங்கியபடியே போய்விடுவார். 2020 சனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் ஊரில், விடுதி அறையில் எரிவாயுக் கணப்பை வைத்து உறங்கிய கேரளத்தினர் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். நமக்கு அருகிலுள்ள கொடைக்கானலிலேயே சுற்றுலாப் பயணிகள் இருவர், இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கி மாண்டனர். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் போர்வைக்குள் வைத்துக் கதகதப்பாக்கி, குழந்தையைக் கிடத்துமுன் எடுத்துவிடுங்கள், அது போதும்.

பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை இவ்விடத்தில் நினைக்கிறேன். அவர்கள் ஒரே நாளில் இரு பருவங்களில் வாழ்கிறவர்கள். திறந்த ஜீப்பில் குளிர்காற்று, மேலே சாரல், மாலையில் நனைந்த சேலையோடு திரும்பும் பயணம். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும். நனையாத ஒரு மாற்றுச் சேலையும், தலைக்கு ஒரு துண்டும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஜீப்பில் ஏறுமுன் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மறைவிடம் அமைத்துத் தருவது தோட்டக்காரரின் கடமை, கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இழுப்பு மருந்தை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். அது பழக்கமாகிவிடும், அடிமையாக்கிவிடும் என்னும் அச்சம் வீண். மாத்திரையாக விழுங்குவதைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குச் செல்வதே அதன் சிறப்பு.

தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பனிக்காலத்தில் வரும் காய்ச்சலை எல்லாம் "பனிக் காய்ச்சல்" என்று தள்ளிவிடக் கூடாது. புதர்ச் செடிகளிலுள்ள மிகச் சிறிய உண்ணிகள் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் நம் மாநிலத்தில் குளிர்ந்த மாதங்களில் மிகுகிறது. காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ் என மறைவான இடத்தில், வலியில்லாமல், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த வடு. மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டிலேயே பெண்ணுக்குப் பெண் பார்த்துவிடலாம். கண்டுபிடித்தால் மருந்து மலிவு, குணம் விரைவு. விட்டுவிட்டால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படும். அதுபோலவே மழைக்காலம் டெங்குவின் காலமுமாகும். ஆகையால் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலிநிவாரணி எதையும் கடையில் கேட்டு வாங்கி உண்ணாதீர்கள். டெங்குவாயின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2025 அக்டோபர் நடுவில் பெய்த கனமழையில் முல்லையாறு பெருகிக் கரையோர வயல்களையும் தாழ்ந்த தெருக்களையும் சூழ்ந்ததைப் பள்ளத்தாக்கினர் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன தொடர்வண்டியில் நூற்றுக்கணக்கானோர் உணவின்றித் தவித்தனர். கர்ப்பிணிப் பெண் உட்படச் சிலரை விமானப்படையினர் உலங்கூர்தியில் தூக்கிச் சென்றனர். அந்நாட்களில் மின்சாரமின்றி, சாலையின்றி, மருந்தின்றி எத்தனை நோயாளர் கலங்கியிருப்பார்கள்! பேறுகாலம் நெருங்கிய பெண் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தால், மழை எச்சரிக்கை வந்தவுடனேயே மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுங்கள். சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறவரும் அவ்வாறே. இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில், நீர் புகாத டப்பாவில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் நின்றால் பதறுகிறார்கள். பதற வேண்டாம். கென்யாவின் தடாப் அகதிகள் முகாமின் வெம்மையைப் போன்ற சூழலில் வைத்துச் சோதித்த ஓர் ஆய்வு, 25க்கும் 37க்கும் இடையே வெப்பம் ஏறி இறங்கும் இடத்தில் நான்கு வாரங்கள் வைத்தாலும் இன்சுலின் வீரியம் குன்றவில்லை என 2021இல் அறிவித்தது. நம் மார்கழியில் ஈர மணலிட்ட மண்பானைக்குள் டப்பாவோடு வைத்தால் தாராளமாகப் போதும். வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது. பனிக்கட்டியில் புதைக்கவும் கூடாது, உறைந்த இன்சுலின் பயனற்றது.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாக. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி நம் மாநிலத்தில் 2021 முதல் அரசின் இலவசப் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என மூன்று முறை. விட்டுப்போயிருந்தால் செவிலியரைக் கேளுங்கள். முதியோர்க்கும், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ளோர்க்கும் ஆண்டுக்கொருமுறை போடும் ஃபுளூ ஊசி நன்று. அதற்குப் பணம் செலவாகும், எனினும் ஒரு நாள் மருத்துவமனைப் படுக்கையைவிட மலிவு.

இனி, வீரபாண்டிச் சகோதரியின் இரண்டாவது கேள்வி. "மாமா ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவின் நடுச்சாமத் திருப்பலிக்குச் செல்வார். இவ்வாண்டும் கூட்டிப்போ என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கூட்டிப்போகலாமா?"

முதல் பக்கவாதம் கண்டவர்க்கு இரண்டாவது வரும் வாய்ப்பு மிகுதி. நள்ளிரவுப் பனியில் ஆட்டோவில் சென்று, தரையின் ஈரத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, உறக்கம் கெட்டுத் திரும்புவது அவருக்கு ஆகாது. விழாவன்று காலை வெயில் ஏறிய பின் நடைபெறும் திருப்பலிக்கு அழைத்துச் செல்லுங்கள். காதை மூடிக் கம்பளித் தொப்பி, காலுறை, முதுகு சாய நாற்காலி. காலை மாத்திரையைத் தவறாமல் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று அவர் உடல் இடங்கொடாவிட்டால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நற்கருணையை வீட்டிற்குக் கொண்டுவருவார். நோயாளர் வீட்டிற்குச் செல்வதில் மகிழாத குரு எவரையும் நான் கண்டதில்லை. பச்சிளங் குழந்தைகளை நடுச்சாமத்தில் தூக்கி வரும் இளந்தாய்மாருக்கும் இதுவே என் விடை.

பெரியவரின் கையைப் பற்றி. பக்கவாதத்திற்குப் பின் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. ஆண்டு ஒன்று ஆகப்போகிறதே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பிரிவில் கற்றுக்கொண்டு வந்து, நாள்தோறும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வீட்டில் செய்யச் சொல்லுங்கள். தளர்ந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் பந்தை அவர் வலக்கையில் வைத்துத் திருப்பிக் கேட்கட்டும். வெயில் ஏறியதும் திண்ணையில் உட்காரவைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கச் செய்யுங்கள். பொங்கலுக்குப் பின் எழுதும் மடலில், எத்தனை அடி நடந்தார் என்று எனக்குத் தெரிவியுங்கள்.